சாமி கண்ணைக் குத்தியதைக் கல்லில் எழுதி வைத்தவர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ம்ம்"களையும் நடுவில் குறுக்கிட்ட குக்கர் விசிலையும் வெட்டியிருக்கிறேன். மற்றபடி பேசியதுதான்.)

இன்னைக்கு நாம் போகப்போவது எகிப்து. பயப்படாதீங்க, பிரமிடை ஏலியன் கட்டினானா என்கிற கதையெல்லாம் கிடையாது. ராஜாக்களே இந்த எபிசோடில் அதிகம் வர மாட்டார்கள். வரப்போவது மாசச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு ஆள், அவர் சொன்ன ஒரு பொய், அந்தப் பொய்க்காக அவர் நிறுத்தி வைத்த ஒரு கல்.

சின்ன வயசில் பொய் சொன்னால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "பொய் சத்தியம் பண்ணாதடா, சாமி கண்ணைக் குத்திடும்." நான் இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆனால் "ஆமாம், நான் பொய் சத்தியம் பண்ணினேன், சாமி என் கண்ணைக் குத்திடுச்சு" என்று ஒப்புக்கொண்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. போன வருஷம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பிரிட்டிஷ் மியூசியத்தின் வெப்சைட்டில் மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். ஈஏ 589 என்று நம்பர் போட்ட ஒரு சுண்ணாம்புக்கல். வயசு 3,200 வருஷத்துக்கு மேல். அதில் ஒருவர் கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறார்.

அவர் பெயர் நெஃபெராபு. இரண்டாம் ராம்செஸ் காலத்து ஆள், அதாவது கி.மு. 13ஆம் நூற்றாண்டு.

முதலில் அவர் ஊரைப் பார்த்துவிடலாம். நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகரத்துக்கு எதிர்ப்பக்கம், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். இன்று தெய்ர் எல்-மெதினா என்கிறார்கள். சுற்றுச்சுவருக்குள் 70 வீடுகள் கிட்ட இருந்தன. ராஜாக்களின் பள்ளத்தாக்கு என்று டாக்குமென்டரிகளில் காட்டுகிறார்களே, அங்கே மலையைக் குடைந்து அரசர்களுக்குக் கல்லறை செய்த மொத்த டீமும் குடும்பத்தோடு இங்கேதான் இருந்தது. கல் உடைப்பவர், பூச்சு பூசுபவர், கோடு வரைபவர், சிற்பி, கணக்கு எழுதுபவர், எல்லோரும். பெர்னார்ட் ப்ரூயேர் என்ற பிரெஞ்சு அகழ்வாளர் 1922இல் ஆரம்பித்து 1951 வரை இந்த ஊரைத் தோண்டினார். கிடைத்ததில் பெரிய பொக்கிஷம் தங்கம் இல்லை, குப்பை. உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் கிறுக்கி வைத்த ஆயிரக்கணக்கான குறிப்புகள்.

அதில் ஒன்று அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர். நிஜமாகத்தான். இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சி ஆண்டில், யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு பெரிய கல்லில் எழுதியிருக்கிறார்கள். தேள் கொட்டிவிட்டது. பீர் காய்ச்சப் போனான். அம்மா இறந்துவிட்டாள், உடலைப் பதப்படுத்திச் சுற்ற வேண்டும். கண் சரியில்லை. எங்கள் டீமின் லீவ் எக்செல் ஷீட்டோடு பெரிய வித்தியாசம் இல்லை, பீர் காரணத்தை மட்டும் நாங்கள் வேறு மாதிரி எழுதுவோம்.

இந்தக் "கண் சரியில்லை" முக்கியம். ஜன்னல் இல்லாத மலைக்குள், எண்ணெய்த் திரி வெளிச்சத்தில், கல் தூசியில் வேலை. அதே ஊரைச் சேர்ந்த ஒரு ஓவியர் தன் மகனுக்கு அனுப்பிய குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. என் கண்ணுக்குத் தேன் கொண்டு வா, நல்ல மை கொண்டு வா, பார்வையைத் தேடுகிறேன், அது இல்லை, நான் உன் அப்பாதானே என்கிற ரீதியில் போகும். முதல் தடவை படித்தபோது அதற்கு மேல் ஸ்க்ரோல் பண்ண முடியவில்லை. கோடு வரைந்து பிழைத்த மனுஷன்.

அந்த ஊருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? "மாஅத்தின் இடம்." மாஅத் என்றால் உண்மை, நியாயம், எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கும் நிலை, எல்லாம் சேர்ந்த ஒரு வார்த்தை. நம்ம "அறம்" கொஞ்சம் கிட்ட வரும், முழுசாக வராது. தொழிலாளிகளின் பதவிப் பெயர், நேரடியாகச் சொன்னால், "மாஅத்தின் இடத்தில் அழைப்பைக் கேட்பவர்". கூப்பிட்டால் கேட்டு ஓடி வருகிறவன், அதாவது வேலைக்காரன். நெஃபெராபுவுக்கும் அதே பதவிதான். ஐடி கார்டிலேயே உண்மை என்று எழுதியிருக்கிற ஆள்.

இப்போது கல்லுக்கு வருவோம். இந்த மாதிரி நிற்கும் பலகைக் கல்லை ஸ்டீலா என்பார்கள். பார்க்க நம்ம ஊர் நடுகல் மாதிரி இருக்கும், மேலே வளைவாக. முன்பக்கம் ப்தா தெய்வம் உட்கார்ந்திருக்கிறார். கைவினைஞர்களின் சாமி, சிற்பிகளுக்குக் குலதெய்வம் மாதிரி. அவர் எதிரே படையல். தெய்வத்தைச் சுற்றி வெறும் காதுகளும் இரண்டு கண்களும் தனியாகச் செதுக்கியிருக்கும். கீழே நெஃபெராபு முழங்காலிட்டு, கைகளைத் தூக்கியபடி. பின்பக்கம்தான் எழுத்து. அதன் சாரம் இது: மாஅத்தின் தலைவனான ப்தாவின் பெயரில் பொய் சத்தியம் செய்தவன் நான். அவர் என்னைப் பகலிலேயே இருட்டைப் பார்க்க வைத்தார். தெருநாய் மாதிரி ஆனேன். அறிந்தவனும் அறியாதவனும், பெரியவனும் சின்னவனும், ப்தாவிடம் ஜாக்கிரதையாக இருங்கள், ஒருத்தன் செய்ததையும் அவர் கண்டுகொள்ளாமல் விடமாட்டார். என் மேல் இரக்கம் வையுங்கள்.

என்ன பொய் என்று சொல்லவில்லை. அந்த ஊரில் சத்தியம் என்பது பெரும்பாலும் கடன் விவகாரம். ஊருக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து நீதிமன்றம் இருந்தது, தொழிலாளிகளே உட்கார்ந்து விசாரிப்பார்கள். பிற்காலத்தில் மென்னா என்ற தொழிலாளி ஒரு பானை கொழுப்பைப் போலீஸ் தலைவர் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தார். பார்லி தருகிறேன் என்று அந்த ஆள் சத்தியம் செய்தார். மூன்றாம் ராம்செஸின் 17ஆம் வருஷம் கொடுத்த கொழுப்பு. அந்த ராஜா செத்து, அடுத்த ராஜா வந்து மூன்று வருஷம் ஆகியும் வழக்கு ஓடுகிறது. இந்தத் தேதிக்குள் தரவில்லை என்றால் 100 அடி வாங்கிக்கொள்கிறேன் என்று மறுபடியும் சத்தியம். போலீஸ்காரருக்குக் கண் போனதாகத் தகவல் இல்லை.

ஆக, பொய் சத்தியம் அங்கே சாதாரண விஷயம். அதை வெளியே சொல்வதுதான் அசாதாரணம். அதையும் கல்லில் சொல்வது. ஏன் அது பெரிய விஷயம் என்று புரிய, எகிப்தியருக்குக் கல் சிற்பம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன்.

சக்காராவில் ஜோசர் என்ற அரசனின் படிப் பிரமிடு இருக்கிறது. கி.மு. 27ஆம் நூற்றாண்டு, நெஃபெராபுவுக்கே அது 1,400 வருஷப் பழசு. அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் அறை. கதவு கிடையாது. ஜோசரின் ஆளுயரச் சுண்ணாம்புக்கல் சிலை உள்ளே உட்கார்ந்திருந்தது. சுவரில், சிலையின் கண் மட்டத்தில், இரண்டு ஓட்டைகள். அதன் வழியாகச் சிலை வெளியே பார்க்கும், வெளியே போடும் சாம்பிராணி உள்ளே போகும். அசல் சிலை இப்போது கெய்ரோவில், அறையில் இருப்பது நகல். டூரிஸ்ட்டுகள் ஓட்டையில் கண்ணை வைத்து எட்டிப் பார்க்கிறார்கள். யாராவது நின்று ரசிப்பதற்காக வைத்த சிலையாக இருந்தால் யார் இப்படி மூடி வைப்பார்கள்? அது ஜோசரின் இன்னொரு உடம்பு. மனிதனின் உயிர்ச்சக்தியை "கா" என்றார்கள். உடம்பு அழுகினாலும் "கா" வந்து உட்கார ஓர் இடம் வேண்டும், அதுதான் சிலை.

அதனால்தான் சிலை செய்து முடித்ததும் வேலை முடியாது. "வாய் திறத்தல்" என்று ஒரு சடங்கு. தச்சு உளி மாதிரியான கருவியால் சிலையின் வாயைத் தொடுவார்கள். அதற்குப் பிறகுதான் அது மூச்சு விடும், சாப்பிடும், பேசும். மம்மிக்கும் இதே சடங்குதான். சிற்பியைக் குறிக்கும் ஒரு எகிப்தியச் சொல்லுக்கு "உயிர்ப்பிப்பவன்" என்று பொருள். நம்ம ஊரில் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை, வாட்ஸப்பில் அப்படி ஃபார்வர்டு பண்ணிடாதீங்க.

மியூசியங்களில் எகிப்தியச் சிலைகளுக்கு மூக்கு இல்லாமல் இருப்பதைப் பார்த்திருப்பீங்க. சில தானாக விழுந்து உடைந்தவை. ஆனால் நிறைய, வேண்டுமென்றே உடைத்தவை. மூக்கை உடைத்தால் அந்தச் சிலை மூச்சு விட முடியாது, அவ்வளவுதான் கணக்கு. சிலைக்கு உயிர் இருப்பதாகச் செய்தவன் மட்டும் நம்பவில்லை, உடைத்தவனும் நம்பினான். எழுத்தின் கதையும் அதேதான். கல்லறைச் சுவர்களில் பாம்பு என்ற எழுத்தைச் செதுக்கும்போது சில இடங்களில் அதை இரண்டாக வெட்டியே செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துப் பாம்பு கிளம்பிக் கடித்துவிடக் கூடாதாம்.

இப்போது ஈஏ 589ஐத் திரும்பப் பாருங்க. முழங்காலிட்ட நெஃபெராபுவின் உருவம் அவர் ஒரு நாள் கும்பிட்டதன் போட்டோ இல்லை. அந்தக் கல் நெஃபெராபு கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அசல் ஆள் வீட்டுக்குப் போய்த் தூங்கினாலும், செத்தே போனாலும், பேக்கிரவுண்டில் ஓடும் ஒரு பிராசஸ் மாதிரி அது நிற்காது. தெய்வத்தைச் சுற்றி இருக்கும் காதுகளும் அப்படித்தான். பெட்ரி என்ற அகழ்வாளர் மெம்ஃபிஸில், ப்தாவின் பெரிய கோயில் இருந்த ஊரில், வரிசை வரிசையாகக் காதுகள் மட்டும் செதுக்கிய கற்களைக் கண்டெடுத்தார். நீ கேட்க வேண்டும், அதனால் காதை நானே செய்து தருகிறேன். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. இன்புட் சரியாகப் போகிறதா என்று சந்தேகம் வந்தால் மைக்கை மாற்றுவோம். அவர்கள் அந்தப் பக்கத்துக் காதையே மாற்றினார்கள்.

அப்படி நிற்காமல் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு கல்லில், "நான் பொய் சொன்னேன்" என்று எழுதினால் என்ன ஆகும்? அதுவும் நிற்காமல் பேசும். இதுதான் என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது. காரணம், செத்த பிறகு இந்த ஆள் போக வேண்டிய இடம்.

அந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒசிரிஸின் நீதிமன்றம். ஒரு தட்டில் செத்தவரின் இதயம், இன்னொரு தட்டில் மாஅத்தின் இறகு. அனுபிஸ் தராசைப் பார்க்கிறார், தோத் குறித்துக்கொள்கிறார், பக்கத்தில் முதலைத் தலையும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்பக்கமும் கொண்ட ஒரு ஜந்து பசியோடு காத்திருக்கிறது. இதயம் எடை தப்பினால் அதற்குச் சாப்பாடு. அதன் பிறகு மறுமை, உயிர்த்தெழுதல் எதுவும் கிடையாது. இந்த இடத்தில் செத்தவர் சொல்ல வேண்டிய வசனம், நாம் "இறந்தோர் நூல்" என்று சொல்லும் தொகுப்பில் 125ஆவது அத்தியாயமாக இருக்கிறது. 42 தெய்வங்களின் முன்னால், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். திருடவில்லை, கொல்லவில்லை, பொய் சொல்லவில்லை. 42க்கும் இல்லை, இல்லை, இல்லை.

இதில் இரண்டு கூத்து இருக்கிறது. ஒன்று, இந்தப் பப்பைரஸ் சுருள்கள் பல ரெடிமேட். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு முன்கூட்டியே எழுதி வைப்பார்கள், வாங்குபவரின் பெயரைப் பிறகு நிரப்புவார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் புகழ்பெற்ற அனியின் சுருள், சுமார் 24 மீட்டர் நீளம், அதிலும் இப்படி நிரப்பிய இடங்கள் உண்டு. அதாவது "நான் பாவம் செய்யவில்லை" என்பது ஒரு டெம்ப்ளேட். யார் பெயரைப் போட்டாலும் செல்லும்.

இரண்டாவது, இதயத்தை வாயடைக்க ஒரு ஏற்பாடு. வண்டு வடிவத்தில், பெரும்பாலும் பச்சை நிறக் கல்லில் செய்து, மம்மியின் நெஞ்சில் வைப்பார்கள். அதன் அடியில் ஒரு மந்திரம்: என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. யோசித்துப் பாருங்க, கோர்ட்டுக்குப் போகும் முன்பே சொந்தச் சாட்சியை மடக்குகிற வேலை. இதெல்லாம் முடிந்தால் செத்தவரின் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் போடுவார்கள், "குரல் உண்மையானவர்". அதை ஜெயித்த பிறகு போடுவதில்லை, கல்லறைச் சுவரில் முன்னாலேயே எழுதிவிடுவார்கள்.

நெஃபெராபுவுக்கும் அந்த ஊரில் கல்லறை இருக்கிறது. தீப்ஸ் கல்லறைகளின் வரிசையில் 5ஆம் நம்பர். ஓவியங்களோடு, ஒழுங்காக. பூமிக்கு அடியில் அவர் மற்ற எல்லோரையும் போல ஒரு நல்ல மனிதர். பூமிக்கு மேலே, அதே ஆள், பொய் சத்தியம் செய்தவன் நான் என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

இது எப்படி ஒத்துப்போகும்? கல்லறை செய்வதையே தொழிலாகக் கொண்டவருக்குக் கல்லில் எழுதியது நிற்கும் என்று தெரியாமல் இருந்திருக்காது. 42 தெய்வங்களும் அந்தக் கல்லைப் படிக்க மாட்டார்களா?

இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கன் என்ற ஆய்வாளர் 1916இலேயே இந்தக் கற்களைச் சேர்த்துப் படித்து "ஏழைகளின் மதம்" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. அரசாங்கச் சம்பளம், சொந்தக் கல்லறை, எழுத்தறிவு கொண்ட சொந்தக்காரர்கள். இவர்கள் எகிப்தின் ஏழைகள் இல்லை. சாமி முன்னால் எல்லோரும் ஏழை என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த ஏழை. அடுத்து, "பகலில் இருட்டு" என்பது நிஜக் குருடா, தெய்வம் கைவிட்ட நிலையைச் சொல்லும் வழக்கமா என்றும் ஒரு விவாதம். வேறு சில கற்களிலும் இதே சொற்றொடர் வருகிறது, எல்லோருக்குமா கண் போயிருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தூசியிலும் திரி வெளிச்சத்திலும் வேலை பார்த்த ஊரில் அந்தச் சொற்றொடரை எழுதியவருக்கு அது வெறும் உவமையாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என் யோசனை இது, நான் எகிப்தியவியல் படித்தவன் இல்லை, ஈஸிஈ படித்தவன், அதை மனசில் வைத்துக்கொள்ளுங்க. செத்த பிறகு நடக்கும் வழக்கு வேறு, வாழும்போது நடக்கும் வழக்கு வேறு. அங்கே கேட்பவர்கள் 42 பேர், அவர்களுக்கு டெம்ப்ளேட் போதும். இங்கே கேட்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். 70 வீடு. சுவருக்குச் சுவர். நெஃபெராபு யாரிடம் என்ன சத்தியம் செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கண் மங்கியபோது காரணத்தை ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். அந்தக் கல் ப்தாவிடம் பேசுகிறது, ஆனால் பாதி வாக்கியங்கள் ஊரைப் பார்த்துத்தான் சொல்கின்றன: பெரியவனே, சின்னவனே, கேட்டுக்கோ.

இன்னொரு கல்லையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே ஊரில் நெப்ரே என்ற ஓவியர். அவர் மகன் நக்தமூன் சாகக் கிடக்கிறான், ஒரு மாட்டு விவகாரத்தில் செய்த தப்பால். மகன் பிழைத்தால் கல் வைக்கிறேன் என்று அப்பா அமூனிடம் வேண்டிக்கொள்கிறார். பிழைக்கிறான். கல் வைக்கிறார். அது இப்போது பெர்லினில். தெய்வத்தின் கருணையை ஊருக்கெல்லாம் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன், சொல்கிறேன் என்கிறார். தப்பை ஊரறியச் சொல்வது அங்கே வைத்தியத்தின் ஒரு பகுதி.

சரி. இங்கே நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதை ரெக்கார்டு பண்ணலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

சில வருஷம் முன்னால், ஒரு கம்பெனியில், வெள்ளிக்கிழமை ராத்திரி. ஒரு கிளீனப் ஸ்கிரிப்டை டெஸ்ட் சர்வரில் ஓட்டுவதாக நினைத்து புரொடக்‌ஷனில் ஓட்டிவிட்டேன். ஒரு டேபிள் போச்சு. பேக்கப் இருந்தது, ஆனால் ஒரு நாள் பழசு. அந்த ஒரு நாள் டேட்டா வரவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பதினைந்து பேர் காலில். யார் ஓட்டினது என்று கேட்டார்கள். எல்லோரும் ஒரே லாகின் பயன்படுத்திக்கொண்டிருந்தோம், லாகைப் பார்த்தால் ஆள் தெரியாது. நான் பேசவில்லை. அன்று சப்போர்ட் ஷிஃப்டில் இருந்தவர் ஒரு கான்ட்ராக்ட் ஊழியர், என்னை விடப் பத்து வயசு பெரியவர். கால் முடிந்ததும் எனக்குத் தனியாகப் போன் பண்ணினார். "தம்பி, நீங்க எதுவும் ஓட்டலையே?" என்றார். "அம்மா சத்தியமா இல்லண்ணா" என்றேன்.

அடுத்த மாசம் அவருடைய கான்ட்ராக்ட்டை நீட்டிக்கவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் தொழிலில் இப்படி ஏதாவது நடந்தால் ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். அதற்குப் பெயரே போஸ்ட்மார்ட்டம். யார் மேலும் பழி போடாமல், என்ன நடந்தது என்று மட்டும் எழுத வேண்டும். நல்ல வழக்கம்தான், இன்றும் நான் ஆதரிக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான். "டேபிள் தவறுதலாக அழிக்கப்பட்டது." அழிக்கப்பட்டது. எவ்வளவு வசதியான வினைச்சொல் பாருங்க. 42 தெய்வங்களிடமும் அதையே சொல்லலாம்.

நெஃபெராபுவின் வாக்குமூலம் "நான்" என்றுதான் ஆரம்பிக்கிறது. பொய் சத்தியம் செய்தவன் நான். மூலத்தில் அந்த "நான்" தனிச் சொல்லாக, முதலிலேயே வருகிறது. அவர் முன்னாலும் டெம்ப்ளேட் இருந்தது. அவர் ஊர்க்காரர்கள்தான் அந்த டெம்ப்ளேட்டைச் சுவர் சுவராக வரைந்தவர்கள்.

எனக்குக் கண் போகவில்லை. ஒருநாள் வாங்கிய பவர் கண்ணாடியைத் தவிர.

இன்னும் ஒரு கல் பாக்கி. நெஃபெராபு இதே மாதிரி இன்னொரு கல்லும் வைத்திருக்கிறார். இரண்டாவது இத்தாலியில், டூரின் எகிப்திய மியூசியத்தில். அது ப்தாவுக்கு இல்லை, மெரெட்செகெருக்கு. ஊருக்கு மேலே பிரமிடு மாதிரி கூர்மையாக நிற்கும் மலை உச்சிதான் அந்தத் தெய்வம், பாம்பு வடிவத்தில் வருவாள். பெயருக்கு "மௌனத்தை விரும்புகிறவள்" என்று பொருள். அந்தக் கல்லில், நல்லது கெட்டது தெரியாத மூடனாக இருந்தேன், உச்சிக்கு எதிராகத் தப்பு செய்தேன், அவள் எனக்குப் பாடம் கற்பித்தாள் என்கிறார். இரவும் பகலும் அவள் கையில் இருந்தேன். பிரசவ வலியில் இருக்கும் பெண் போலச் செங்கல் மேல் உட்கார்ந்தேன். காற்றைக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் செங்கல் மேல் குந்தித்தான் பிள்ளை பெற்றார்கள். அப்படி மூச்சுக்குத் தவித்திருக்கிறார். அந்த உச்சிக்குள் ஒரு சிங்கம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று ஊருக்குச் சொல்கிறார். பிறகு அவளைக் கூப்பிட்டேன், இனிய காற்றாக வந்தாள், நோயை மறக்க வைத்தாள்.

அங்கே குணமாகிவிட்டது. லண்டன் கல்லில் அந்த வரி இல்லை. இரக்கம் வையுங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. எங்கள் பாஷையில், ஒரு டிக்கெட் குளோஸ், இன்னொன்று இன்னும் ஓபன். எது முதலில் வைத்தது, கண் திரும்பியதா, யாருக்குப் பொய் சத்தியம் செய்தாரோ அவர் மன்னித்தாரா, எதையும் கல்லில் எழுதவில்லை. சத்தியத்தால் ஏமாந்தவரின் பெயர் எங்குமே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. கல் முழுக்க நெஃபெராபுவும் ப்தாவும்தான். ஏமாந்தவன் ஒருவன் இருந்தானே.

இதைப் படித்த பிறகுதான் அந்த அண்ணனின் நம்பரைத் தேடினேன். பழைய வாட்ஸப் குரூப்பில் இருந்தது. என்ன நடந்தது என்று "நான்" போட்டு எழுதி அனுப்பினேன். மூன்று தடவை டைப் பண்ணி அழித்தேன், மூன்றிலும் "அப்போ சூழ்நிலை" என்று ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. நாலாவதில் எடுத்துவிட்டேன். பார்த்துவிட்டார். பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை. இந்த எபிசோடில் அவர் பெயரையோ ஊரையோ சொல்லாததும் அதனால்தான்.

முடிக்கும் முன் ஒன்று. எகிப்தியக் கல்லறைக் கற்கள் பலவற்றில், வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வேண்டுகோள் இருக்கும். பூமியில் உயிரோடு இருப்பவர்களே, இந்த வழியாகப் போகிறவர்களே, என் பெயரைச் சொல்லுங்கள், ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று வாயால் சொல்லுங்கள், அது எனக்கு வந்து சேரும். கையில் எதுவும் இல்லை என்றாலும் பரவாயில்லை, வாயின் மூச்சு போதும், அதில் உங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லையே என்று சில கற்கள் பேரமும் பேசும். பிள்ளைகள் படையல் வைப்பதை ஒருநாள் நிறுத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் நம்மைப் போன்ற முன்பின் தெரியாதவர்களை நம்பினார்கள்.

அதில் ஒரு சிக்கல். எகிப்திய எழுத்தில் உயிரெழுத்துகள் கிடையாது. என், எஃப், ஆர் என்று மெய்கள்தான் இருக்கும், நடுவில் எ, ஏ, ஆ எல்லாம் ஆய்வாளர்கள் பேசுவதற்கு வசதியாகப் போட்டுக்கொண்டது. அவருடைய அம்மா அவரைக் கூப்பிட்ட மாதிரி நாம் கூப்பிடவே முடியாது. இந்த அரை மணி நேரமும் நான் அவர் பெயரைத் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் சொல்லிவிடுவோம். நெஃபெராபு. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்.

அடுத்த எபிசோடில் அதே ஊரில் நடந்த ஸ்ட்ரைக். மூன்றாம் ராம்செஸ் காலத்தில் கூலித் தானியம் வராததால் கல்லறை வேலையை நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். கேள்வி, திருத்தம், திட்டு எதுவாக இருந்தாலும் மெயில் பண்ணுங்க. பை.